ஐம்பது கிலோமீட்டர் கழித்து

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
டெம்போவின் முதுகில் கட்டிப்போட்ட அந்தக் கார்
முக்கால் மணி நேரம்
மீன் லாரிக்கும் கேஸ் லாரிக்கும் நடுவே
வெயிலில் நின்றது.
கதவில்லாத அலுமினிய உடம்பு,
வெள்ளை வட்டத்துக்குள் பதினேழு.

"முன்னால இடது சக்கரம் ஆடுது" என்றார் ஷெர்னாஸ்,
ராயபுரத்துப் பார்சிக்காரம்மா.
"நட்டைத் திருகினா ஸ்டட்டும் கூடவே சுத்துது.
ஷெட்டுல கிடந்தது போதும்,
ஜனவரிக்குள்ள ஓட்டிப் பாக்கணும்."

சுற்றத்தான் செய்யும்.
ஸ்டட்டின் கழுத்தில் பல் மழுங்கிவிட்டால்
இறுக்குவதும் தளர்த்துவதும்
ஒரே சத்தம்.

ஹப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம்.
இம்தியாஸ் பிரஷ் வைத்துத் தேய்த்தான்.
ஐந்து ஓட்டை.
இரண்டில் முறிந்த மிச்சம்.
இரண்டு, கட்டைவிரலால் தள்ளியதும் வந்துவிட்டன,
ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது.
ஐந்தாவதன் தலையில், பின்பக்கம்,
மூன்று சொட்டு வெல்டு.

"அண்ணே, இங்க பாரேன்,
செதிலெல்லாம் எதிர்ப்பக்கமா படுத்திருக்கு.
வெச்சவன் லெஃப்ட் ஹேண்டு."

டீக்குச் சில்லறை எடுப்பதுபோல்
இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

காரை நான் அன்று பார்க்கவே இல்லை.
ராத்திரி பதினோரு மணிக்கு
சாக்கில் சுற்றி ஹப் மட்டும் வந்தது.
விடிந்தால் சோழவரத்தில் ரேஸ்,
மாற்று ஸ்டட் கிடையாது.
"ஒரு சொட்டு வெச்சா ஓடும்" என்று யாரோ சொன்னார்கள்.
யாரோ இல்லை,
நான்தான்.
பத்தொன்பது வயது, நாற்பது ரூபாய்.
காலையில் எண்ணூரில் ஷிப்ட்,
ரேஸ் பக்கமே போகவில்லை.
பதப்படுத்திய எஃகில் சூடு வைத்தால்
அந்த இடம் கண்ணாடியாகிவிடும்:
இதை வேறொரு பட்டறையில், வேறொரு வண்டி முறிந்தபோது
தெரிந்துகொண்டேன்.

ஷெர்னாஸ் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்,
கரண்ட் கட்டைப் பற்றிச் சொல்வதுபோல:
"மூணாவது ரவுண்டுல சக்கரம் தனியா போயிடுச்சு.
என்னையே ஓவர்டேக் பண்ணிச்சு, ஹார்ன் கூட அடிக்கலைம்பார் அப்பா.
அதுக்கப்புறம் முழங்கால் மடங்கவே இல்ல.
கடைசி வரைக்கும் தியேட்டர்ல ஓர சீட்டுதான்."

இம்தியாஸ் சிரித்தான்.
நான் கிரைண்டரைப் போட்டேன்.

போரிங்கில் ஓட்டைகளை வட்டத்துக்குக் கொண்டுவந்து,
அதற்கேற்பத் தடித்த கழுத்தோடு
புது ராடில் ஐந்து ஸ்டட் கடைந்தேன்,
மூன்று தவ் இறுக்கம் வைத்து.
பிரஸ்ஸில் நான்கு முனகி இறங்கின.
ஐந்தாவது ஒரு மயிரிழை சாய்ந்தது.
"பரவாயில்லண்ணே, நட்டு இழுத்துக்கும்" என்றான்.
அதே குரல்தான்.
வெளியே தள்ளிப் போட்டுவிட்டு
ஆறாவது கடைந்தேன். மதியச் சாப்பாடு நாலரைக்கு.

டயல் கேஜ் வைத்தால்
மணலியிலிருந்து டேங்கர் கூட்ஸ்.
தரையோடு சேர்ந்து முள்ளும் நடுங்கியது.
கடைசிப் பெட்டி போகும்வரை
மூன்று பேரும் ஒரு முள்ளைப் பார்த்தபடி நின்றோம்.
பிறகு அது நின்றது,
நிற்க வேண்டிய இடத்திலேயே.

பில்லில் ராடு, டெம்பரிங், போரிங், கூலி.
கீழே எழுதினேன்:
முன்பணம் வரவு, ரூ. 40.
"நான் அட்வான்ஸே தரலையே?"
"கணக்குல இருக்கும்மா."
கண்ணாடியை ஏற்றிவிட்டு
பில்லை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டாங்க.
புது ஸ்டட்டு கொஞ்சம் உக்காரும்,
திரும்ப ஒரு தடவை இறுக்கணும்.
அப்ப ஒரு விஷயம் சொல்றேன்."

"இப்பவே சொல்லலாமே?"

"இறுக்கும்போது சொல்றேம்மா."

கேட் திறந்திருந்தது.
இங்கிருந்து சோழவரம் போய்த் திரும்பினால்
ஏறக்குறைய ஐம்பது வரும்.
அதை மட்டும் சொல்லவில்லை.